அங்கணம் ஒன்று, குளியலறை பத்து: நெல்லையின் பழைய வீடு ஓட்டலாகும்போது

திருநெல்வேலி டவுனில் மாடி உள்ள பழைய வீட்டில் குடும்பம் குடியிருந்த காலத்தில், மச்சுக்கு, அதாவது மாடிக்கு, ஏறிய தண்ணீர் என்பது ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொள்ள ஒரு செம்பு. அவ்வளவுதான். குளியல் கிணற்றடியில், பாத்திரம் கழுவுவது அடுக்களை ஓரத்து அங்கணத்தில், துணி புறவாசலில் அல்லது ஆற்றில். அதே வீட்டைப் பத்து அறையுள்ள தங்கும் ஓட்டலாக மாற்றினால் கணக்கே வேறு. ஓட்டலில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைக்கிறது. அறைக்கு இரண்டு படுக்கை என்றால் 3,600 லிட்டர். மூன்றரை டன்னுக்குமேல் தண்ணீர் தினமும் மேலே ஏற வேண்டும். ஏறியது அத்தனையும் சுண்ணாம்புச் சுவரில் சொட்டுப் படாமல் கீழே இறங்கவும் வேண்டும். பழைய கட்டடத்தை ஓட்டலாக்குகிறபோது வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். தூண், போதிகை, நிலைக்கதவின் வேலைப்பாடு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அழகு. கட்டடம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர் போகிற வழி.

நம் பக்கத்தில் 'ஓட்டல்' என்றால் சாப்பாடு கிடைக்கிற இடம். படுக்க இடம் தருவது 'லாட்ஜ்'. இந்தச் சொல் வேறுபாட்டில் கட்டடக் கலை விஷயம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பழைய வீடு சாப்பாட்டு ஓட்டலாக மாறினால் பெரிதாக அடி வாங்குவதில்லை. வாசலை அடுத்த தார்சாவில் கல்லாப்பெட்டி, பட்டாசல் என்கிற கூடத்தில் மேஜை, அடுக்களை இருந்த இடத்திலேயே அடுப்பு. ஏற்கெனவே ஈரம் புழங்கிய இடத்தில்தான் இப்போதும் ஈரம். லாட்ஜாக மாறினால் அப்படியில்லை. ஈரம் அறவே பார்த்திராத மூலைகளுக்கெல்லாம் குழாய் போகும்.

தங்குமிடம் என்ற தொழில் ஊருக்குள் வந்ததற்கு ரயில் முக்கியக் காரணம். அதற்கு முன் வழிப்போக்கருக்குச் சத்திரமும் தெரிந்தவர் வீட்டுத் திருணையும் இருந்தன. மணியாச்சியிலிருந்து கிளைப்பாதையாக 1876-ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை பாதை 1904-ல் முழுமையானது. ஸ்டேஷன் இருந்த வீரராகவபுரத்துக்கு ஜங்ஷன் என்ற பெயரே நிலைத்தது. லாட்ஜுகள் அங்கே பெருகின. டவுனின் ரத வீதிகளும் மாட வீதிகளும் கடைக்கும் குடியிருப்புக்குமாகவே நின்றன. அந்த வீடுகளைத் தங்கும் ஓட்டலாக்குகிற எண்ணம் பிந்தி வந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய், பூட்டிய வீட்டில் வெள்ளையடிக்கக்கூட ஆளில்லாமல் போனபிறகு வந்தது என்றும் சொல்லலாம்.

எந்தக் காலத்து வீடு?

வேலை தொடங்கும் முன் கட்டடத்தின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'நூற்றைம்பது வருஷம்' என்று உரிமையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் வீடு ஒரே காலத்தில் கட்டப்பட்டிருக்காது. முன்கட்டு ஒரு தலைமுறை, மச்சு அடுத்த தலைமுறை, புறவாசல் பக்கத்து ஓட்டுச்சாய்ப்பு அதற்கும் பிந்தியது.

மங்களூர் ஓட்டில் அச்சாகியிருக்கும் எழுத்து நல்ல சாட்சி, ஆனால் ஏமாற்றவும் செய்யும். பாசல் மிஷன் ஓடுகளில் 1865 என்று பார்த்ததும் வீடு 1865-ல் கட்டியது என்று முடிவுகட்டுகிறார்கள். அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முதல் உலகப் போரை ஒட்டி அந்தத் தொழிற்சாலைகள் கைமாறியபிறகு வந்த ஓடுகளில் காமன்வெல்த் டிரஸ்ட் என்று இருக்கும். இரும்பு உத்திரத்தின் இடுப்பில் புடைத்த எழுத்து இருந்தால் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் படிக்க வேண்டும். டோர்மன் லாங் என்றால் இங்கிலாந்துச் சரக்கு. டாடா என்றால் 1912-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஜாம்ஷெட்பூரில் எஃகு உருட்டத் தொடங்கியதே அந்த ஆண்டுதான்.

எல்லாவற்றையும்விட நம்பகமான எல்லைக்கோடு சிமெண்ட். 1946-ல் நிறுவப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ், தன் முதல் ஆலையை டவுனுக்கு வடக்கே தாழையூத்தில் அமைத்து 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்துக் கொத்தனார் கையில் சுண்ணாம்புக் காரை மெல்லமெல்லக் குறைந்தது. தங்குமிடங்களுக்கு 'ஹெரிடேஜ்' தகுதி கொடுக்க மத்தியச் சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கும் அடிப்படைக் கோடும் 1950-தான்: அதற்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும், குறைந்தது ஐந்து அறை இருக்க வேண்டும். டெல்லியில் போட்ட கோடு நெல்லையின் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே கச்சிதமாக விழுந்திருப்பது தற்செயல். பயனுள்ள தற்செயல்தான். கோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு இந்தப் பக்கத்து மருந்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

திருணையிலிருந்து புறவாசல்வரை

டவுன் வீட்டு மனை அகலத்தில் சிறியது, நீளத்தில் பெரியது. இருபது அடி அகலத்துக்கு நூறு, நூற்றிருபது அடி நீளம் என்பது சாதாரணம். தேர் போகிற வீதியில் யாரும் முன்னால் நீட்டிக் கட்ட முடியாது. அதனால் வீடு பின்னோக்கியே வளர்ந்தது. தெருவில் திருணை, உள்ளே தார்சா, அடுத்துப் பட்டாசல், நடுவே மேலே திறந்த முற்றமான மானவெளி, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அடுக்களை, அதன் ஓரத்தில் அங்கணம், பிறகு கிணற்றோடு புறவாசல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். ஆகவே பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் முன்னால், பின்னால், இல்லையென்றால் மானவெளி வழியாக மேலிருந்து.

இந்த அமைப்பில் தண்ணீருக்கு ஒழுங்கான பாதை உண்டு. கூரையில் பெய்த மழையில் பாதி தெருவுக்கு, பாதி மானவெளிக்கு. மானவெளியின் கல் பாவிய தரை ஒரு மூலைக்குச் சரிந்து, கல் தூம்பு வழியாகப் புறவாசலுக்கு அல்லது தெரு ஓடைக்குப் போகும். அங்கணத்துத் தண்ணீர் நேரே புறவாசல் வாழைக்கு. தரையின் சரிவு, தூம்பின் வாய், அங்கணத்தின் இடம் மூன்றும் சேர்ந்துதான் அந்த வீட்டின் வடிகால். வரைபடம் போடுகிறவர் அறைகளை அளப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை மானவெளியில் ஊற்றி அது எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது. பாதி வீடுகளில் தூம்பு ஏதோ ஒரு காலத்தில் தரை உயர்த்தியபோது அடைபட்டிருக்கும். சுவரில் ஓதம் ஏறுவதற்கு அதுவே முதல் காரணமாக இருக்கும்.

பொதுச் சுவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் நம் கட்டைகள் ஒரு பக்கமும் அடுத்த வீட்டுக் கட்டைகள் மறுபக்கமும் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துவிட்டு அடுக்குக் கட்டடம் எழுப்பினால், இரண்டு பக்கமும் தாங்கலாக நின்ற சுவர் ஒரு பக்கம் வெறுமையாகிவிடும். மழையும் நேரடியாக அடிக்கும். குத்தகைப் பத்திரம் எழுதும்போதே பொதுச் சுவர் யார் பாகம், எந்த உயரம்வரை என்பதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பார்த்துவிட வேண்டும்.

சுவர்: சுண்ணாம்பு ஏன் சிமெண்டை ஏற்காது

ஒன்றரை அடி முதல் இரண்டடி கனச் சுவர், கையால் அறுத்த செங்கல், சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்குத் தூத்துக்குடிக் கடற்கரையின் கிளிஞ்சலும் உள்நாட்டுச் சுக்கான் கல்லும் இருந்தன. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் குறைந்தது இரண்டு வாரம் ஊறப் போட்டு, ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு மணலோடு மாடு சுற்றும் கல் செக்கில் அரைத்தார்கள். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் சேரும். கருப்பட்டிக்குப் பஞ்சமில்லாத சீமை இது. சர்க்கரைச் சத்து சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையவைத்து, காரை இறுகுவதைத் தாமதப்படுத்தும். கொத்தனாருக்குத் தேய்க்க நேரம் கிடைக்கும், பரப்பும் நெருக்கமாக அமையும். சுண்ணாம்பு தண்ணீருக்குத் தாங்காது என்று சொல்கிறவர்கள் ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தின் கீழே இறங்கி ஒரு தடவை அண்ணாந்து பார்க்கலாம். 1843-ல் திறந்த பாலம். பதினொரு வளைவுகள். தாமிரபரணியின் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்துவிட்டது.

தாங்கும். ஆனால் நனைந்தது உலர வழி வேண்டும். மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறுவதைத் தடுக்கும் தடுப்பு இந்தச் சுவர்களின் அடியில் பெரும்பாலும் இருக்காது. ஈரம் மூன்றடி உயரம்வரை ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகும். ஏறுவதும் உலர்வதும் சமமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஓட்டல் வேலையில் முதல் வாரமே உதிர்ந்த அடிச்சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். ஈரம் அங்கே வெளியேற முடியாமல் பூச்சின் தலைக்கு மேலே ஏறி, நான்கடி ஐந்தடி உயரத்தில் உப்புப் பூத்து உதிரும். அதையும் சிமெண்டால் மூடினால் இன்னும் மேலே. கடைசியில் சிமெண்ட் பூச்சு பலகை மாதிரி அப்படியே நிற்க, உள்ளே செங்கல் மாவாகியிருக்கும். தட்டினால் பானையைத் தட்டிய ஓசை வரும்.

சரியான வழி மெதுவானது. சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு, இணைப்புகளை அரை அங்குலத்துக்குக் கீறி, ஒரு கோடை முழுக்க உலரவிட வேண்டும். உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் கரைந்து உள்ளேயே போகும். பிறகு ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்புப் பூச்சு. முதல் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டு சில மழைக்காலங்களில் உதிர்ந்துவிடும். உதிரட்டும், அதற்காகவே பூசியது. இரண்டாவது பூச்சு நிற்கும். ஓட்டல்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கொத்தனாரின் பாடு.

ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து வருகிறதா என்று தெரியாவிட்டால், ஒரு சதுர அடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்துமுத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

கட்டைக்குத்து மாடி

வீட்டின் மிகப் பலவீனமான இடமும் மிக அருமையான இடமும் இதுதான். மெட்ராஸ் டெரஸ் என்று இன்ஜினியர்களும் கட்டைக்குத்து என்று ஊர்க்காரர்களும் சொல்வது. தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் போட்டு, ஓரங்குல கனமுள்ள சின்ன அச்சுக்கல்லைச் சாய்கோணத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடிப்பார்கள். கீழே பலகை அடிப்பதில்லை. கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கிறது. அதன்மேல் மூன்று முதல் நாலங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் தட்டோடு என்கிற தட்டை ஓடு. வசதி குறைந்த வீட்டில் தேக்குக்குப் பதில் வயிரம் பாய்ந்த பனங்கட்டை. பனையில் வெளிவட்டம்தான் மரம், உள்ளே சோறு. ஆகவே பனங்கட்டையைத் துளைத்துக் குழாய் விடுவதோ ஆணி அறைந்து மின்விசிறி மாட்டுவதோ கூடாது.

ஜல்லிச் சுண்ணாம்புக்குப் பொதுப்பணித் துறை எஸ்டிமேட்டில் எழுதுகிற அளவு 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. ஜல்லி முக்கால் அங்குலம். நன்கு வெந்த செங்கல்லை உடைத்ததாக இருக்க வேண்டும், சூளையில் கருகியதும் வேகாததும் ஆகாது. ஜல்லியை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் தண்ணீரைக் குடித்துவிடும். பரப்பியபிறகு கைப்பிடி வைத்த மரப் பலகையால் அடிக்கிற வேலை. ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்து, ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்கு நகர்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். முதல் நாள் பலகை பதியும். மூன்றாம் நாள் பாலாக ஒரு பசை மேலே வரும். பலகை பதியாமல் எகிறித் திரும்புகிறபோதுதான் போதும் என்று நிறுத்துவது. இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். அடித்தபிறகு பத்து நாளாவது ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும். தையிலிருந்து பங்குனிக்குள் செய்துவிடுவது தோது. ஐப்பசி மழைக்குள் சுண்ணாம்பு இறுக மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

இந்தத் தளத்தின் சொந்த எடையே சதுர அடிக்கு 30 முதல் 35 கிலோ. ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டின்மேலேயே இன்னொரு வரிசை பதித்துவந்திருப்பார்கள். ஆகவே மேலிருந்து கட்டைவரை ஓரிடத்தில் துளையிட்டு மொத்தக் கனத்தை அளந்துவிட வேண்டும். எட்டங்குலத்துக்குமேல் போனால் புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன் பழையதை இறக்க வேண்டும்.

கட்டையின் நடுப்பகுதியை எல்லோரும் பார்ப்பார்கள். அழுகுவது சுவருக்குள் இருக்கும் தலைப்பகுதி. வெளியே பளபளக்கிற தேக்கு, சுவருக்குள் ஆறங்குலம் பொடியாகியிருக்கும். கூரான துளை ஊசியைச் சுவரை ஒட்டிச் சாய்வாகக் குத்திப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்குமேல் இறங்கினால் சந்தேகம். சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்டது பொத்பொத்தென்று இருக்கும். பழுது தலையில் மட்டும் என்றால் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. கீழே சவுக்குக் கம்பும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சானல் வைத்து 12 மி.மீ. போல்ட்டால் இறுக்கி, சானலின் தலையைச் சுவரில் ஒரு கருங்கல் மேல் உட்காரவைக்கலாம். மரத்தின் தலையைச் சுற்றி அரை அங்குலக் காற்றிடைவெளி விட வேண்டும். அதைச் சிமெண்டால் அடைத்தால் பழைய கதைதான்.

குளியலறை எங்கே?

இப்போது அந்த மாடியில் குளியலறை கட்டுகிறவரைப் பார்ப்போம். கழிவுக் குழாய் போக இடம் வேண்டுமே என்று முக்கால் அடிக்குமேல் செங்கல் துண்டு நிரப்புகிறார். அதுவே சதுர அடிக்கு நாற்பது கிலோ. மேலே சிமெண்ட் தரை, டைல்ஸ். பன்னிரண்டு அடி நீளத் தேக்குக் கட்டை பாரம் ஏறும்போது நடுவில் ஒரு சென்டிமீட்டர்வரை தொய்யலாம். மரத்துக்கு அது இயல்பு. டைல்ஸுக்கு அது சாவு. சுவரும் தரையும் சேர்கிற மூலையில் மயிரிழை விரிசல் விடும். ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் தண்ணீர் அதில் இறங்கும். ஜல்லிச் சுண்ணாம்பு பஞ்சு போல அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் சில மாதம் கீழே ஒன்றும் தெரியாது. பிறகு பட்டாசலின் மேல்தளத்தில், குளியலறைக்கு நேர் கீழே இல்லாமல் நாலடி தள்ளி, ஒரு பழுப்பு வட்டம். தண்ணீர் கட்டையின் முதுகோடு ஓடிச் சுவரருகே இறங்கியிருக்கிறது. அங்கே வெள்ளையடிப்பார்கள். கட்டையின் தலை அழுகிக்கொண்டே இருக்கும். ரசாயனப் பூச்சை இரண்டு கோட் கூடுதலாக அடித்தால் தப்பிக்கலாம் என்கிறவர்கள் உண்டு. பூச்சு விரியும், ஆனால் மூலைக்கு மூலை அசைகிற தளத்தில் எத்தனை மழைக்கு?

நல்ல ஏற்பாடு ஒன்றுதான். ஈரத்தைப் பழைய மாடியில் ஏற்றவே கூடாது. புறவாசலில், பழைய வீட்டின் முதுகை ஒட்டி, தனி அஸ்திவாரத்தில் கான்கிரீட் அல்லது இரும்புச் சட்டத்தில் ஒரு மூன்றாங்கட்டு எழுப்பி, மாடிக் குளியலறைகளை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பழைய சுவருக்கும் புதுச் சட்டத்துக்கும் நடுவே ஓரங்குல இடைவெளி விட்டு, அலுமினியத் தகட்டால் மேலே மூட வேண்டும். இரண்டும் வேறுவேறு அளவில் இறங்கும். கட்டிப்போட்டால் பழையதுதான் கிழியும். நடுக்கட்டு அறைகளுக்கு மானவெளியின் ஓரத்தில் நாலடிக்கு ஏழடியில் தரையிலிருந்தே எழும் ஒரு குளியலறைக் கூடு வைக்கலாம். முன்கட்டு மச்சுக்கு இந்த இரண்டு ஏற்பாடும் எட்டாது. அங்கே அறை போடாமல் உட்காரும் இடமாக, வாசிக்கும் இடமாக விட்டுவிடலாம். பத்து அறை ஆறாகும். ஆறுக்கும் 'ஹெரிடேஜ்' தகுதி கிடைக்கும், குறைந்தபட்சம் ஐந்துதானே. வருமானம் குறைகிறதே என்றால், ஏழாவது அறையின் வாடகை மாடியைச் சரிசெய்யவே போகும் என்பதையும் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் குளியலறை சுலபம் என்று தோன்றும். அங்கே சரிவுக் கணக்குப் பார்க்க வேண்டும். நாலங்குலக் கழிவுக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று சரிவு என்றால், தார்சாவிலிருந்து புறவாசல்வரை நூறடிக்கு 20 அங்குலம் இறக்கம். நாற்பதுக்கு ஒன்று என்றால் 30 அங்குலம். வீட்டின் தரை தெருவைவிட இரண்டு மூன்றடி உயரத்தில் இருந்தால் ஒருவழியாக முடியும். தெருப் பக்கம் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் சரிவை முன்பக்கமாகத் திருப்பலாம். செப்டிக் டேங்க் என்றால் அதன் கழிவு ஊறும் குழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கிணறும் குழியும் ஒரே புறவாசலில் என்றால் அது நடக்காது.

தொட்டி விஷயம். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அது நிற்கும் இடம் ஒரு சதுர மீட்டர். தங்கும் அறைத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சதுர மீட்டருக்கு எடுக்கும் பாரம் 200 கிலோ, சாப்பாட்டுக் கூடத்துக்கு 400 கிலோ. ஆகவே தொட்டிகள் மூன்றாங்கட்டின் தலைக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தைவிட்டு ஏறவே கூடாது. தட்டட்டி என்கிற மொட்டை மாடியில் நிலா வெளிச்சத்தில் சாப்பாடு என்று விளம்பரம் செய்ய ஆசையாகத்தான் இருக்கும். கட்டைகளுக்குக் கல்யாணப் பந்தி தெரியாது.

ஏசியும் தண்ணீர்தான். ஒன்றரை டன் ஏசி புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டர்வரை சொட்டும். ஆறு அறை, பத்து மணி நேரம் என்றால் அறுபது லிட்டர். அந்தச் சின்னக் குழாயைச் சுவரோரம் தொங்கவிட்டால், சிமெண்டே தொடாத சுவரிலும் உப்புப் பூக்கும். தனிக் குழாயில் மானவெளித் தூம்புவரை கொண்டுபோக வேண்டும். வெளி இயந்திரத்தின் தாங்கியை விரிபோல்ட்டில் மாட்டினால் சுண்ணாம்புக் காரையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து இறுக்குவதே சரி. ஒயரிங்குக்காகச் சுவரில் குறுக்கே காடி வெட்டுவதையும் விட்டுவிடலாம். சுவர்மேலேயே பட்டைக் குழாயில் ஓடவிட்டால் அசிங்கம் என்கிறார்கள். முதன்முதலில் கரண்ட் வந்தபோது மரப் பட்டையில் அப்படித்தான் ஓடியது.

மானவெளி

மழைக்கும் புறாவுக்கும் பயந்து மானவெளியின் தலையில் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கீழே சோபா போட்டு 'லாபி' ஆக்கிவிடுகிறார்கள். சூடான காற்று அந்தத் திறப்பு வழியாக மேலே போக, தெருவாசலும் புறவாசலும் வழியே புதுக்காற்று உள்ளே வருவதுதான் பக்கவாட்டு ஜன்னல் இல்லாத இந்த வீட்டின் மூச்சு. மேற்கிலிருந்து ஆடிக் காற்று வீசுகிற மாதங்களில் மானவெளியின் விளிம்பில் நின்றால் காற்று இழுப்பது உடம்பில் தெரியும். மூடினால் சித்திரை வெயிலில் தகட்டுக்குக் கீழே அடைபடும் சூடு மாடி அறைகளுக்குத்தான் போகும். சுவரின் ஈரம் உலரவும் போக்கிடமில்லை. மழையைத் தடுத்தே ஆக வேண்டுமென்றால், தகட்டைச் சுவரின் தலையைவிட ஒன்றரை இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்துவிட்டு, ஓரத்தில் இரண்டடி நீட்டலாம். சாரல் கொஞ்சம் உள்ளே விழும். கல் பாவிய தரையும் தூம்பும் இருப்பது அதற்காகத்தானே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்கு நெருக்கமாகப் பெய்ததையும், தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் நின்றதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கே நாலங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரைத்தான் இறக்கும். தட்டட்டியை அளந்து, அதற்கு வேண்டிய குழாயைவிட ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். ஒன்று புறா இறகில் அடைபட்டாலும் மற்றது இருக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு சாண் உயரமுள்ள ஒரு திறப்பும் விட்டால், எல்லாம் அடைபட்ட ராத்திரியிலும் தண்ணீர் மாடியில் குளமாகாமல் தெருவில் கொட்டும்.

மற்றவை

மரப்படி இரண்டரை அடி அகலம், செங்குத்து. தீயணைப்புத் துறை அதை வெளியேறும் வழியாக ஏற்காது. மூன்றாங்கட்டிலேயே இரும்பில் இரண்டாவது படி வைத்துவிட்டால் பழைய படியை உடைக்க வேண்டாம். குடியிருப்பு வணிகப் பயன்பாடாக மாறுவதற்கான அனுமதி, தீயணைப்புச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் எல்லாம் மற்ற லாட்ஜுகளுக்கு உள்ளதுதான்.  

வேலை வரிசை பலருக்கும் தலைகீழாக அமைந்துவிடுகிறது: முதலில் அறை அலங்காரம், கடைசியில் கூரை. சரியான வரிசை ஒரு மழைக்காலம் பார்த்தபிறகு தொடங்கும். ஆவணியில் சாவி வாங்கினால் தூம்பைத் திறந்து, தட்டட்டியைக் கூட்டி, விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி அதன்மேல் தேதியை எழுதிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தப் பட்டை உடைகிறது, எந்தக் கட்டையின் கீழே பழுப்பு வருகிறது, மானவெளித் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உடையாத பட்டைக்குக் கீழே இருப்பது பழைய, நின்றுபோன விரிசல். சுண்ணாம்பை அடைத்தால் போதும். உடைந்தது இன்னும் நகர்கிறது. அஸ்திவாரத்தையோ கட்டையையோ பார்க்காமல் அதில் பூச்சு வேலை செய்யக் கூடாது. தையில் கட்டை, மாசியிலும் பங்குனியிலும் தட்டட்டி, கோடையில் சுவர் உலர்வதற்குள் புறவாசலில் மூன்றாங்கட்டு. சுவர்ப் பூச்சு ஆடிக்குமேல். திறந்தபிறகும் ஆண்டுதோறும் புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு ஆள் ஏறி, தட்டட்டிக் குழாய் வாய்களைக் கிளறி, தட்டோட்டு இணைப்புகளைச் சுண்ணாம்பால் நிரப்பி, துளை ஊசியோடு கட்டைத் தலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். ஆறு அறை ஓட்டலுக்கு அது இரண்டு நாள் வேலை.